மூடாத கதவு: நியூயார்க் நகரம் தன் கட்டட, தீப் பாதுகாப்பு விதிகளைத் திருத்திய கதை

2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கிழக்கு 181-ஆம் தெருவில் உள்ள 19 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை பதினொரு மணி அளவில் தீப்பிடித்தது. கீழ் மாடி வீடு ஒன்றில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்சார ரூம் ஹீட்டரில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று நகரத் தீயணைப்புத் துறை அறிவித்தது. 17 பேர் வபாத்தானார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினர். அடுத்த ஞாயிறு, ஜனவரி 16 அன்று, பிராங்ஸ் இஸ்லாமியக் கலாச்சார மையத்தில் 15 ஜனாஸாக்கள் ஒன்றாக வைக்கப்பட்டுத் தொழுகை நடந்தது. உள்ளே இடம் கிடைக்காமல் குளிரில் தெருவில் நின்றவர்கள் பலர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தீ பெரும்பாலும் அந்த ஒரு வீட்டையும் அதன் வெளி நடையையும் தாண்டவில்லை. மேல் மாடிகளில் இருந்தவர்களை நெருப்பு தொடவே இல்லை. 17 பேரும் இறந்தது புகையால்தான் என்று நகர மருத்துவப் பரிசோதனை அலுவலகம் உறுதி செய்தது. அந்தப் புகை 19 மாடிகளுக்கும் எப்படி ஏறியது? தீப்பிடித்த வீட்டுக்காரர்கள் வெளியே ஓடியபோது அவர்கள் வீட்டு வாசற்கதவு மூடிக்கொள்ளவில்லை. 15-ஆம் மாடியில் படிக்கட்டுக்குச் செல்லும் கதவு ஒன்றும் திறந்தே கிடந்தது. இரண்டும் தானாக மூடிக்கொண்டிருக்க வேண்டிய கதவுகள்.

ஒரு நகரம் தன் கட்டட விதிகளை எப்போது திருத்துகிறது, திருத்தினால் என்ன மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதை இந்தக் கதவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கதவு ஏன் தானாக மூட வேண்டும்?

வீட்டில் தீப்பிடித்தால் மனிதன் என்ன செய்வான்? பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடுவான். அந்த நேரத்தில் 'கதவைச் சாத்திவிட்டு வந்தோமா' என்று நினைக்க யாருக்கும் புத்தி இருக்காது. இதை அறிந்துதான் வாசற்கதவில் ஸ்பிரிங் வைத்த கீலோ, மேலே பொருத்தும் டோர் குளோசரோ இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். திறந்துவிட்டுக் கையை எடுத்தால் கதவு தானே வந்து மூடி, தாழ் நாக்கு 'டக்' என்று விழ வேண்டும். முக்கால்வாசி மூடி நின்றாலும் அது மூடாத கதவுதான்.

கான்கிரீட் சுவரும் தீ தாங்கும் கதவும் உள்ள கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி மாதிரி. ஒரு பெட்டிக்குள் பிடித்த தீ வெகுநேரம் அதற்குள்ளேயே அடங்கி இருக்கும். இப்படிப்பட்ட கட்டடங்களில் தீப்பிடித்தது உங்கள் வீடு இல்லையென்றால் வெளியே ஓட வேண்டாம், கதவை மூடி, அடியில் ஈரத் துணியை அடைத்து, ஜன்னல் பக்கம் இருந்து உதவி கேளுங்கள் என்று நியூயார்க் தீயணைப்புத் துறை சொல்கிறது. மரத் தளங்கள் உள்ள பழைய கட்டடமாக இருந்தால் அறிவுரை நேர் எதிர்: உடனே வெளியேறுங்கள், வரும்போது கதவைச் சாத்துங்கள்.

பெட்டியின் மூடி திறந்துவிட்டால் முதல் அறிவுரையின் அடித்தளமே போய்விடுகிறது. அன்று நடந்தது அதுதான். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறத் துடித்துக்கொண்டே இருக்கும். படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி போல ஆகிவிடும். கீழே ஒரு கதவும் மேலே ஒரு கதவும் திறந்திருந்தால் அடுப்பும் புகைக்கூண்டும் தயார். தப்பிக்கப் படிக்கட்டில் இறங்கியவர்கள் அந்தப் புகைக்கூண்டுக்குள்தான் இறங்கினார்கள். எல்லா மாடிகளின் படிக்கட்டிலும் மயங்கிக் கிடந்தவர்களை வீரர்கள் தூக்கி வந்ததாக அன்றைய தீயணைப்புத் துறை ஆணையர் டேனியல் நைக்ரோ தெரிவித்தார்.

புகை அலாரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஒலிக்கவும் செய்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அது காரணமே இல்லாமல் அடிக்கடி ஒலிப்பது வழக்கம். அதனால் அன்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று அங்கே குடியிருந்தவர்களே சொன்னார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதவு

நியூயார்க்கின் கட்டட விதிகள் ஜனாஸாக்களின் பின்னால் நடந்து வந்தவை என்று சொன்னால் மிகையில்லை. 1860 பிப்ரவரியில் எல்ம் தெருவில் ஏழைகள் நெருக்கி வாழ்ந்த ஒரு குடியிருப்பு எரிந்து பலர் மாண்டனர். அதே ஆண்டில், எட்டுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழும் கட்டடங்களில் தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்றும் பழைய நியூயார்க் படங்களில் கட்டட முகப்பை ஒட்டித் தொங்கும் இரும்புப் படிக்கட்டுகளைப் பார்க்கிறோமே, அவற்றின் தொடக்கம் அங்கேதான். 1867-லும் 1901-லும் குடியிருப்புகளுக்கான விரிவான சட்டங்கள் வந்தன.

பிறகு 1911 மார்ச் 25. டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஆஷ் கட்டடத்தின் 8, 9, 10-ஆம் மாடிகளில் இருந்தது. தையல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியில் வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. பின்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்புத் துறையின் ஏணிகள் ஆறாம் மாடிவரைதான் எட்டின. 146 பேர் இறந்தார்கள்.

அந்தக் கட்டடம் தீயைத் தாங்கும் கட்டடம் என்று பெயர் பெற்றது. அது பொய்யும் இல்லை. இன்றுவரை அது நிற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம் அதில் வகுப்புகள் நடத்துகிறது. கட்டடம் பிழைத்தது, உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. கட்டடத்தைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் வேறு வேறு வேலை என்பது அன்றுதான் சட்டம் எழுதுபவர்களுக்கு உறைத்தது. ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் ஆகியோர் தலைமையில் மாநில விசாரணைக் குழு அமைந்தது. சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும், உயரமான தொழிற்கூடங்களில் தானியங்கி நீர்த்தெளிப்பான் வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். அன்று திறக்காத கதவு கொன்றது. 2022-ல் மூடாத கதவு கொன்றது.

சரியாக 79 ஆண்டுகள் கழித்து, 1990 மார்ச் 25 அன்று, அதே பிராங்ஸில் 'ஹேப்பி லேண்ட்' என்ற அனுமதியற்ற கேளிக்கைக் கூடத்துக்கு ஒருவன் தீ வைத்தான். 87 பேர் இறந்தனர். அந்த இடத்தை மூடச் சொல்லி 1988-லேயே உத்தரவு இருந்தது. உத்தரவு கோப்பில் இருந்தது, கூடம் திறந்திருந்தது.

விதியைத் திருத்துவது எப்படி?

நியூயார்க்கில் 51 உறுப்பினர் கொண்ட நகர மன்றம் 'உள்ளூர்ச் சட்டம்' இயற்றுகிறது. மேயர் கையெழுத்திட்டால் அது நடைமுறைக்கு வரும். புதிய கட்டடம் எப்படிக் கட்டுவது என்பதைக் கட்டடத் துறை பார்க்கிறது. குடியிருக்கும் கட்டடம் சரியாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதை வீட்டுவசதித் துறை பார்க்கிறது. தீ விதிகள் தீயணைப்புத் துறையின் பொறுப்பு. ஒரே கதவுக்கு மூன்று துறைகள் என்றால் யாரிடம் புகார் செய்வது என்று வாடகைக்கு இருப்பவர் குழம்புவது இயற்கைதானே. அதற்காகத்தான் 311 என்ற ஒரே தொலைபேசி எண் இருக்கிறது.

முழுக் கட்டட விதித்தொகுப்பும் அடிக்கடி மாறுவதில்லை. 1938-ல் ஒன்று, 1968-ல் ஒன்று. பிறகு நாற்பது ஆண்டுகள் அதன்மேல் ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். 2008-ல் அமெரிக்காவின் பிற நகரங்கள் பின்பற்றும் மாதிரி விதிகளைத் தழுவிப் புதிய தொகுப்பு வந்தது. 2014-லும் 2022-லும் அது திருத்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் தீ விதித்தொகுப்பு ஏப்ரல் 15 முதலும், கட்டுமான விதித்தொகுப்பு நவம்பர் 7 முதலும் அமலுக்கு வந்தன.

பொதுமக்கள் அதிகம் அறியாத சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. புதிய விதி பெரும்பாலும் புதிய கட்டடத்துக்குத்தான். பழைய கட்டடம், அது கட்டப்பட்ட காலத்து விதிப்படி இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். 1998 டிசம்பரில் நடந்த இரு தீ விபத்துகளுக்குப் பின், 1999-ல் உள்ளூர்ச் சட்டம் 10 வந்தது. நான்கும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட புதிய குடியிருப்புகளில் நீர்த்தெளிப்பான் கட்டாயமாயிற்று. பழைய கட்டடத்தைப் பெரிய அளவில் புதுப்பித்தாலொழிய இது அதைத் தொடாது. 181-ஆம் தெருக் கட்டடம் 1972-ல் எழுந்தது. அங்கே வீடுகளிலும் நடைகளிலும் நீர்த்தெளிப்பான் இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2001 செப்டம்பர் 11-க்குப் பின், 2004-ல் வந்த உள்ளூர்ச் சட்டம் 26, உயரமான பழைய அலுவலகக் கட்டடங்களும் 2019-க்குள் நீர்த்தெளிப்பான் பொருத்தியாக வேண்டும் என்றது. அலுவலகத்துக்கு முடிந்தது வீட்டுக்கு ஏன் முடியவில்லை? செலவு, குடியிருப்பவர்களை இடம் மாற்றும் சிரமம் என்று பதில் சொல்வார்கள். பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனிதர்கள் கண்மூடி உறங்கும் இடம் அலுவலகம் அல்ல, வீடு.

2018-ன் சட்டமும் 2022-ன் திருத்தமும்

2017 டிசம்பர் 28 இரவு, பிராங்ஸின் புராஸ்பெக்ட் அவென்யூவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. மூன்று வயதுக் குழந்தை அடுப்புத் திருகைத் திருகி விளையாடியதில் தீப்பற்றியது. தாய் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவு திறந்தபடி கிடந்தது. தீ படிக்கட்டு வழியாக மேலேறி 13 உயிர்களைக் குடித்தது.

அதன் பிறகு 2018-ல் மூன்று உள்ளூர்ச் சட்டங்கள் வந்தன. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீடுகளுக்கு அடுப்புத் திருகுக்கு மூடி கொடுப்பது கட்டட உரிமையாளரின் கடமை என்றது ஒன்று. வெளியேறும்போது கதவை மூடுங்கள் என்ற அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்றது இன்னொன்று. மூன்றாவது, உள்ளூர்ச் சட்டம் 111. மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள எல்லாக் கட்டடங்களிலும் 2021 ஜூலை 31-க்குள் வாசற்கதவுகள் தானாக மூடுபவையாக இருக்க வேண்டும், பழுதானால் சீர்செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு என்றது.

அந்தக் கெடு முடிந்து ஐந்தே மாதங்களில் 181-ஆம் தெருவில் 17 பேர் இறந்தார்கள். ஆகவே அங்கே விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழுதப்பட்ட விதிக்கும் அசையும் கீலுக்கும் நடுவே ஒரு மனிதன் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிடும், பெயின்ட் அடித்தால் கதவு இறுகும், வாசல் மிதியடி தடுக்கும். சாமான் ஏற்றி இறக்கும்போது செருப்பைச் செருகிக் கதவை நிறுத்துவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஒருமுறை பொருத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க இது சுவர் அல்ல.

2022-ல் நகர மன்றம் மீண்டும் கூடியது. தானாக மூடாத கதவைச் சரிசெய்ய உரிமையாளருக்கு இருந்த 21 நாள் அவகாசம் 14 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறை 'உடனடி ஆபத்து' வகை விதிமீறலாகவே கருதப்படுகிறது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் தானாக நின்றுவிடும் வசதியும் இல்லாத, சோதனைக்கூடச் சான்று பெறாத மின்சார ஹீட்டர்களை விற்பதற்கும் தடை வந்தது.

இங்கே ஒரு சர்ச்சையும் எழுந்தது. தீ விபத்தையொட்டி மேயர் எரிக் ஆடம்ஸ், கதவை மூடப் பழகுங்கள் என்று மக்களுக்கு வலியுறுத்தினார். நல்ல புத்திமதிதான். ஆனால் குடியிருப்பாளர் நலனுக்காகப் பேசுபவர்கள் கேட்டார்கள்: தானாக மூட வேண்டிய கதவு மூடவில்லை என்றால், குற்றம் பயந்து ஓடியவர்மீதா, கதவைப் பழுதுபார்க்காதவர்மீதா? என் பார்வையில் அவர்கள் கேட்டதே நியாயம். ஓடுபவர் மறப்பார் என்பதால்தான் இப்படி ஒரு கதவே கண்டுபிடிக்கப்பட்டது. அவர் மறந்துவிட்டார் என்பதை உரிமையாளர் காரணமாகச் சொல்ல முடியாது.

ஹீட்டர் விஷயமும் அப்படித்தான். நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்கு வெப்பம் தருவது கட்டட உரிமையாளரின் சட்டக் கடமை. பகலில் வெளியே சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்க வேண்டும். இரவில் எப்படியும் 17 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். அது சரியாகக் கிடைக்கும் வீட்டில் பல நாள் இடைவிடாமல் ஹீட்டர் ஓட வேண்டிய அவசியம் என்ன? 2007 மார்ச்சில் இதே பிராங்ஸில், வுடிகிரெஸ்ட் அவென்யூவில், மாலி நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த வீட்டில் ஹீட்டரிலிருந்து பிடித்த தீயில் ஒன்பது குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். பதினைந்து ஆண்டு இடைவெளியில், அதே ஊர், அதே சமுதாயம், அதே கருவி.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

உறங்கப் போகும்போது கதவுகளை மூடும்படியும் விளக்குகளை அணைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஸஹீஹுல் புகாரி போன்ற நூல்கள் பதிவு செய்துள்ளன. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் அதிலேயே வருகிறது. மதீனாவில் ஒரு வீடு இரவில் தன் மக்களோடு எரிந்துபோன செய்தி நபியவர்களுக்குச் சொல்லப்பட்டதையும் அதே இடத்தில் காண்கிறோம். இமாம் நவவி அவர்கள் இதை விளக்கும்போது, பள்ளிவாசல்களில் தொங்கவிடப்படும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றால் தீ அச்சம் இருந்தால் அவையும் கட்டளைக்குள் அடங்கும், அச்சம் இல்லையென்றால் குற்றமில்லை என்கிறார்கள். விளக்கு என்ற பொருளை அல்ல, ஆபத்து என்ற காரணத்தைப் பார்த்தே சட்டம் நிற்கிறது. அப்படியானால் விளக்கின் இடத்தில் ஹீட்டரையும் செல்போன் சார்ஜரையும் வைத்துப் பார்ப்பது நம் கடமை.

புகை ஒரு கேடு என்பதும் ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. குளியல் கூடத்தின் புகையும் அடுப்பின் புகையும் அண்டை வீட்டாருக்குக் கேடு விளைவித்தால் தடுக்கலாம் என்று மாலிகி அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி, கட்டடம் கட்டும் தொழிலறிந்தவர். காழிகளுக்கு நிபுணராக இருந்து, சுவர், ஜன்னல், சாக்கடை, புகை பற்றிய வழக்குகளைத் தொகுத்துக் கட்டடச் சட்டங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு நகரம் கட்டட விதி எழுதுவதை 'துன்யா வேலை' என்று ஒதுக்குபவர்கள் அந்த நூலை ஒருமுறை புரட்டலாம்.

தீயில் சிக்கி இறந்தவர்களை ஷஹீதுகளின் வரிசையில் சேர்க்கும் ஹதீஸைச் சொல்லி நாம் ஆறுதல் கூறுகிறோம். கூறத்தான் வேண்டும். ஆனால் அது இழந்த குடும்பத்துக்கான ஆறுதல், கதவைப் பழுதுபார்க்காதவருக்கான மன்னிப்புச் சீட்டு அல்ல. கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானவர்மீது பொறுப்பு உண்டு என்பது நம் ஃபிக்ஹ் நூல்களில் தனிப் பாடமாகவே இருக்கிறது. 'கத்ர்' என்ற சொல்லை எடுத்து அந்தப் பொறுப்பை மூடிவிடக் கூடாது.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆபத்து

விதிகளைத் திருத்தும் வேலை 2022-உடன் முடியவில்லை. நியூயார்க்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் மின்சார சைக்கிள்களை நம்பி இருக்கிறார்கள். அவர்களில் பங்களாதேஷ், மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களும் கணிசமாக உண்டு. அந்த சைக்கிள்களின் லித்தியம் பேட்டரி வெடித்துப் பிடிக்கும் தீயில் 2023-ல் மட்டும் அந்நகரில் 18 பேர் இறந்தனர். அந்த ஆண்டு வந்த உள்ளூர்ச் சட்டம் 39, அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சார சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று செப்டம்பர் 16 முதல் தடை செய்தது.

இந்தச் சட்டம் கடையைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருக்கும் மலிவான பேட்டரிக்கு அது ஒன்றும் செய்வதில்லை. இடமில்லாத சிறிய வீடுகளில் சைக்கிளை வாசலை ஒட்டி நிறுத்தி, இரவில் அங்கேயே சார்ஜ் போடுகிறார்கள். அது எரிந்தால் வெளியேறும் ஒரே வழியில்தான் நெருப்பு இருக்கும். வாசற்கதவு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அங்கே பயன் இல்லை. ஆகவே நகரத் தீயணைப்புத் துறை இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வாசல் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள், உறங்கும்போது சார்ஜில் விடாதீர்கள், பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள்.